கொஞ்சம் நகருங்க சார்

"சார், கொஞ்சம் நகருங்க. ஃப்ரேம்ல வர்றீங்க."

போன ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி ரோமன் ரோலான் வீதியில், பத்தரை மணி வெயிலில், சேலையூர்க்காரர் ஒருவருக்கு இந்த உத்தரவு பிறந்தது. அவர் செய்த குற்றம், தெருமுனையில் பதித்திருந்த நீலப் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டு நின்றது. சொன்ன பையனுக்கு இருபது வயது இருக்கும். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். 'சார்' போட்டு ஊரை விட்டே அப்புறப்படுத்துகிறவனை என்ன செய்ய முடியும்?

நகர்ந்தார். நகர்ந்த இடம் வேறொரு பெண்ணின் ஃப்ரேம். அவள் 'அங்கிள்' என்றாள். அங்கிருந்தும் நகர்ந்தார். கடைசியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தது. டிரான்ஸ்ஃபார்மரை யாரும் படம் எடுப்பதில்லை.

உண்மையில் அவர் புதுச்சேரிக்குப் போனதே ஆனந்த ரங்கப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கத்தான். இந்தக் கட்டுரையும் அந்த வீட்டைப் பற்றித்தான். 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரிக்குக் குடிபோய், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, உயர்ந்த ரங்கப்பிள்ளை, 1736-லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்கு எவ்வளவு கைமாறியது, கவர்னர் வீட்டு அம்மாள் யார் விஷயத்தில் மூக்கை நுழைத்தாள், எல்லாம் அதில் உண்டு. அவர் கண்ணை மூடியது 1761 ஜனவரியில். ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்ததும் அதே மாதம். கீழ்த்தளம் தமிழ்ப் பாணி, மேல்தளம் பிரெஞ்சுப் பாணி என்று அவர் கட்டிய மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் இன்னும் நிற்கிறது. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் வண்டி கிளம்பட்டும்.

வண்டி காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் வட்டாரத்தில் பாண்டிச்சேரி என்றால் ஐந்து மணிதான். ஆறு மணிக்குத் திட்டம் போட்ட குடும்பம் கிடையாது. ஐந்து மணிக்குக் கிளம்பிய குடும்பமும் கிடையாது. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேடவாக்கத்துச் சகலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்: "ஷார்ப் அஞ்சு. லேட்டா வர்றவங்க பஸ்ல வந்துக்கலாம்." ஐந்தேமுக்காலுக்கு அவருக்கே போன் போட்டால், "குளிச்சிட்டு இருக்காரு மாமா, அஞ்சு நிமிஷம்" என்றாள் மச்சினி. பின்னணியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. குறட்டைச் சத்தம் கேட்டது.

பதினொரு பேர், ஒரு டிராவலர் வேன், இரண்டு சம்படம் புளியோதரை, ஒரு சம்படம் தயிர்சாதம், யாரும் தொடப்போகாத ஒரு ஷட்டில்காக் செட். கேம்ப் ரோட்டைத் தாண்டியபோது ஏழு மணி. ஜி.எஸ்.டி. ரோடா, இ.சி.ஆரா என்ற விவாதம் அப்போதுதான் ஆரம்பித்தது. திண்டிவனம் வழி சீக்கிரம் என்றார் பெருங்களத்தூர் மச்சான். கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றார் சகலை. எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியாகக் காலையில் ஒரு ரயில் போகிறது, விழுப்புரத்தில் திரும்பிப் புதுச்சேரிக்கே கொண்டுபோய் விடுகிறது, அந்தப் பாதை 1879-லேயே போட்டது என்று சேலையூர்க்காரர் ஒரு வார்த்தை சொன்னார். வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமியார், "மாப்பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் சரியில்லையோ" என்று மகளிடம் கேட்டார்.

இ.சி.ஆர்.தான் ஜெயித்தது. அந்தக் கடற்கரைச் சாலையில் கடல் எப்போதாவதுதான் தெரியும். தெரிகிறபோது வேனில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்திருந்தாலும் பாதகம் இல்லை, ஒரு ரிசார்ட் மதில்தான் தெரிந்திருக்கும்.

புதுச்சேரியின் பழமையைப் பார்க்கப் போகிறவர்கள், பழமை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வேகத்தைக் கூட்டுகிறார்கள். கல்பாக்கம் தாண்டும்போது இடது பக்கம் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். மேலே மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்கள். அந்தக் கரைக்கு எதிரே கடலில்தான் 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் மோதினார்கள். புதுச்சேரியில் சுஃப்ரேன் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. அந்த வீதியில் மச்சினி பிற்பாடு படங்களாக எடுத்துத் தள்ளினாள். மனிதர் சண்டை போட்ட இடத்தைக் கடக்கும்போது வேனில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு குத்துப்பாட்டு.

கடப்பாக்கத்தில் வேன் நின்றது. சேலையூர்க்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்து திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் துய்ப்ளேக்சுக்குக் கொடுத்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப்போட்டது. நாணயம் அச்சடித்த இடம். கழிமுகத்து ஓரத்தில் பாதிச் சுவராக நிற்கிறது. கோட்டைக்கு வழி காட்டும் பலகையின் நிழலிலேயே வண்டியை ஓரங்கட்டினார்கள். புளியோதரைச் சம்படத்தைத் திறந்தார்கள். அப்பளம் நமுத்துவிட்டது என்று வருத்தப்பட்டார்கள். கை கழுவினார்கள். கிளம்பினார்கள். "கோட்டை கிட்டத்தான்" என்று ஆரம்பித்தவரிடம் சகலை, "என்ன சகலை, இடிஞ்சதைப் போய்ப் பாத்துக்கிட்டு! அங்க பாண்டில எல்லாம் சூப்பரா மெயின்டெய்ன் பண்ணி வெச்சிருக்கான்" என்றார்.

அந்த 'வெச்சிருக்கான்' யார் என்பது நாள் முழுக்க ஒரு சிக்கலாகவே இருந்தது. சகலையின் கணக்கில் புதுச்சேரியில் எது நன்றாக இருந்தாலும் செய்தவன் பிரெஞ்சுக்காரன், எது நாறினாலும் செய்தவர்கள் 'நம்மாளுங்க'. கட்டம் கட்டமான தெருக்களைப் பார்த்தார். "எப்படி நூல் பிடிச்ச மாதிரி பிளான் பண்ணியிருக்கான் பாருங்க." 1693-லிருந்து 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது, இந்தக் கட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால், "யாரா இருந்தா என்ன, வெள்ளைக்காரன்தானே" என்றார். அந்த வீடுகளைக் காட்டி, "முந்நூறு வருஷம் சகலை, அப்படியே நிக்குது" என்றார். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும் கோட்டை, மாளிகை, கோவில் என்று பார்க்காமல் தரைமட்டம் ஆக்கினார்கள். கடலூர் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்ததற்குப் பழிக்குப் பழி. பிரெஞ்சுக்காரர் குடியிருந்த வெள்ளை நகரத்தில் இப்போது நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு எழுப்பியவை. இதைச் சொல்ல வாயெடுக்கும்போது வேன் கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டது. சகலை மேரி கட்டடத்தைப் பார்த்துவிட்டார்.

"இதைப் பாருங்க! நூத்தம்பது வருஷத்துப் பில்டிங். இன்னைக்குக் கட்டின மாதிரி இருக்கு. நம்மாளுங்க கட்டினா அஞ்சு வருஷம் தாங்குமா?"

1870-களில் கட்டிய அந்த நகராட்சிக் கட்டடம், பராமரிக்க ஆளில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் மொத்தமாக இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே அச்சில் திரும்பக் கட்டியது. 2021 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். கட்டியது முழுக்க முழுக்க நம்மாளுங்க. ஆக, இன்றைக்குக் கட்டின மாதிரி இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இதைச் சேலையூர்க்காரர் சொன்னபோது சகலை வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நம்மூர் ஆண்களிடம் எதைச் சொன்னாலும் ஏறாது.

சரி, எல்லாரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவருக்கு வருவோம்.

வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவரைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டாம், வரிசை இருக்கும். வரிசையின் முனையில் ஒருத்தர் நிற்பார். நிற்கும் முறை ஊருக்கெல்லாம் ஒன்றுதான். முதுகு சுவரில். ஒரு கால் தரையில், இன்னொரு கால் மடங்கிப் பாதம் சுவரில். இந்தப் பாதம் யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், எந்த மஞ்சள் சுவரானாலும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. கறுப்புக் கறுப்பாக, ஒன்றின் மேல் ஒன்றாக, ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர், குழந்தைகளின் சின்ன நம்பர், எல்லாம் செருப்புத் தடம். நடுவில் ஹீல்ஸ் குத்திய புள்ளிகள். சுவருக்கு அடிக்கும் பெயின்ட் இந்தப் பட்டைக்கு மேலேதான் மஞ்சளாக இருக்கிறது. படத்தில் இது வராது. படம் இடுப்புக்கு மேலே.

அடுத்தது பார்வை. கேமராவைப் பார்க்கக் கூடாது. தெருவின் கோடியில் யாரோ கூப்பிட்டதாகப் பாவித்து அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பிச் சிரிக்க வேண்டும். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டாலும் அது டிரைவர், "சார், இங்க வண்டி நிக்கக் கூடாதாம்" என்று. வேனில் நாலு மணி நேரம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு வந்த தம்பதி, இந்தச் சுவரில் சாய்ந்ததும் உலகத்தின் அத்தனை ரகசிய ஜோக்கையும் சேர்ந்து கேட்டவர்களாக மாறுகிறார்கள். 'ஓகே' என்ற சொல் கேட்டதும் பழைய முறைப்பு, விட்ட இடத்திலிருந்து.

பிறகு தொப்பி. கடற்கரையில் வாங்கிய வைக்கோல் தொப்பி. வெயிலுக்கு அல்ல, வெயிலில் நடக்கும்போது அதைக் கையில் வைத்திருப்பார்கள். சுவருக்கு வந்ததும் தலைக்குப் போகும், ஒரு கை விளிம்பைப் பிடிக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் அது காலண்டர் ஆணியில் தொங்கும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை.

பிறகு சைக்கிள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள், முன்னால் ஒரு பிரம்புக் கூடையோடு. மச்சினி மகளும் மகனும் பிடிவாதம் பிடித்து மூன்று எடுத்தார்கள். சைக்கிளில் யாரும் ஏறவில்லை. மஞ்சள் சுவரில் சைக்கிள் சாய்ந்தது, சைக்கிளில் ஆட்கள் சாய்ந்தார்கள். கூடையில் காகிதப்பூவைப் பறித்துப் போட்டார்கள். ஒருவர் வீட்டு மதிலிலிருந்து தொங்கிய காகிதப்பூ.

ஆம், வீடு. மறந்தே போயிருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் வீடு இருக்கிறது, அதில் ஆட்கள் இருக்கிறார்கள். ரோமன் ரோலான் வீதியில் ஒரு கதவு திறந்தது. நீலக் கதவு, மஞ்சள் சுவருக்கு அடுத்தபடியாகக் கிராக்கி உள்ள சரக்கு. எழுபது வயது அம்மாள் ஒருத்தர் நைட்டியோடு, தோளில் துண்டு, கையில் குப்பைப் பை. வரிசையில் நின்ற அத்தனை பேர் முகத்திலும் ஒரு எரிச்சல். தன் வாசலில் தானே வந்து நிற்கிறாரே, இங்கிதம் வேண்டாமா? அந்த அம்மாள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். "முடிஞ்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். குப்பைப் பையோடு.

இதற்கு நடுவில் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஒன்று வந்தது. பெண்ணுக்குத் தரையைப் பெருக்கும் கவுன், பையனுக்குச் சஸ்பெண்டர் வைத்த பேண்ட், வெள்ளி நிறத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு உதவியாளன், தலைக்கு மேல் ஒரு டிரோன். வரிசையை மதிக்கவில்லை, இது தொழில், மற்றவர்களது பொழுதுபோக்கு என்ற தோரணை. பையன் பெண்ணைத் தூக்க வேண்டும் என்றார் போட்டோகிராபர். தூக்கினான். "இன்னொரு டேக்." தூக்கினான். மூன்றாவது முறை அவன் முகத்தில் காதல் இல்லை, இடுப்பு வலி இருந்தது. மாமியார் பரிதாபப்பட்டு, "போதும் விடுங்கப்பா, கல்யாணத்துக்கு முன்னாடியே முதுகு போயிடும்" என்றார். அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்ட ஒரே விவேகமான பேச்சு அது.

மஞ்சள் சுவர் தாம்பரத்தில் இல்லையா? ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகையே மஞ்சள். கறுப்பு எழுத்தில், மூன்று மொழியில். ரயில்வே குடியிருப்பு, அரசாங்கப் பள்ளிக்கூடம் என்று தேடினால் காவிமஞ்சள் சுவருக்குக் குறைவே இல்லை. அங்கே போய் ஒரு கால் மடக்கி, சுவரில் பாதம் பதித்து, தூரத்தில் யாரோ கூப்பிட்டதாகச் சிரித்துப் பாருங்கள். கூப்பிடுவார்கள். 'என்ன வேணும் உங்களுக்கு' என்று. சரக்கு என்னவோ ஒன்றுதான். முன்பு சுண்ணாம்பில் மஞ்சள் காவியைக் கலந்து அடித்தார்கள், இப்போது டப்பா பெயின்ட். கேம்ப் ரோடு பெயின்ட் கடையில் சாம்பிள் அட்டையைக் காட்டினால் மெஷினில் கலக்கிப் பத்து நிமிஷத்தில் அதே மஞ்சளைக் கொடுத்துவிடுவார்கள். இதே வெள்ளை நகரத்தில் அரவிந்தர் ஆசிரமத்துக் கட்டடங்கள் தெருத் தெருவாக இருக்கின்றன, சாம்பல் நிறத்தில். அவற்றில் ஒன்றில்கூட செருப்புத் தடம் கிடையாது. அரவிந்தர் 1910-ல் இங்கே வந்தவர். என்ன பிரயோஜனம்? சாம்பல் நிறம் போனில் எடுபடாதாம். மச்சினி மகள் சொன்னாள்.

இது நம் சனங்களுக்கு மட்டும் வந்த வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். சகலையின் அண்ணன் மகன் டெக்சாசில் இருக்கிறான். மத்திய அமெரிக்கா போய்விட்டு வந்து குரூப்பில் படம் போட்டான்: குவாத்தமாலா நாட்டு ஆண்டிகுவா நகரம், ஸ்பானியர்களின் பழைய தலைநகர். 1773 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போய், 1776-ல் தலைநகரையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாதி இடிந்த மடங்களும் தேவாலயங்களும் அப்படியே நிற்கின்றன. 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். பையன் போட்ட படங்களில் ஊர் இல்லை. ஒரே ஒரு வளைவு இருந்தது. சாந்தா கத்தலினா வளைவு. நிறம், மஞ்சள். கீழே அவன், ஒரு காலை மடக்கிக்கொண்டு. அந்த வளைவை எதற்குக் கட்டினார்கள் தெரியுமா? தெருவின் இரு பக்கமும் கன்னிமாடம். உலகத்தார் கண்ணில் படக் கூடாது என்று விரதம் பூண்ட கன்னியாஸ்திரிகள் யாரும் பார்க்காமல் தெருவைக் கடந்துபோக மேலே மூடிய பாதை வைத்தார்கள். யார் கண்ணிலும் படாதிருக்கக் கட்டியதன் கீழே, எல்லார் கண்ணிலும் பட நாள் பூராவும் கூட்டம். அங்கேயும் யாராவது பலகை படிக்கும் மனிதர் ஒருவரை ஸ்பானிய மொழியில் நகரச் சொல்லியிருப்பார்கள்.

சேலையூர்க்காரரையும் சுவரில் நிறுத்தினார்கள். மாட்டேன் என்றார். "ஏங்க, பசங்க ஆசையா கூப்பிடறாங்க" என்றாள் மனைவி. நின்றார். கால் மடங்கவில்லை, மடங்குகிற கால் இல்லை அது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது அவர் தரப்பு. படத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவருக்குச் சில்லறை குறைந்த மாதிரி ஒரு முகம். அதற்கு முப்பத்தேழு லைக் வந்திருக்கிறது. யார் யார் என்று அவர் பார்த்து வைத்திருக்கிறார்.

மணி ஒன்று. சாப்பாடு.

புதுச்சேரியின் தலையெழுத்தைத் தீர்மானிக்க 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரே நாளில் முடிந்தது விஷயம். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் ஆனாலும், முடிவு என்னவோ ஒரே நாள்தான். பதினொரு பேர் கொண்ட சேலையூர் – மேடவாக்கம் – பெருங்களத்தூர் கூட்டணியால் எங்கே சாப்பிடுவது என்று ஒன்றரை மணி நேரத்தில் முடிவு செய்ய முடியவில்லை. காகிதப்பூ முற்றம் வைத்த ஒரு இடத்தில் பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மெனு அட்டையைப் பார்த்த மாமியார், "இதுல சோறு எங்க இருக்கு?" என்றார். மச்சான் மனைவி நண்டு கேட்டாள். பிள்ளைகள் பீட்சா கேட்டன, அதாவது கேம்ப் ரோட்டில் கிடைக்கும் அதே பீட்சாவை. கடைசியில் வாழையிலைச் சாப்பாடு ஒன்றில் முடிந்தது. வத்தக்குழம்பு நன்றாக இருந்ததை யாரும் படம் எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மணக்குள விநாயகர் கோவில் தெருவில் மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார்: "லட்சுமி எங்க?" சின்ன வயதில் பிள்ளைகளைத் தும்பிக்கையால் ஆசீர்வதித்த கோவில் யானை. 2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சிக்குப் போனபோது சாலையிலேயே சரிந்து விழுந்து செத்துப்போனது. ஊரே திரண்டு அழுதது. மாமியாருக்கு இது யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. "அப்ப ஏன்டி கூட்டிட்டு வந்தீங்க?" என்று மகள்களைக் கேட்டுவிட்டு, கோவிலுக்குள் போகாமல் செருப்புக் காவல் அம்மாளோடு பேசிக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிட்டார். லட்சுமியைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். அரை மணி நேரம் ஆயிற்று.

கடற்கரையில் சேலையூர்க்காரருக்கு ஒரே ஒரு வெற்றி. கருங்கல் குவியலாக இருந்த கரையில், தலைமைச் செயலகம் பக்கம் மணல் சேர்ந்திருப்பதைப் பார்த்து, "அட, இங்க மணல் இருக்கே" என்றார் பெருங்களத்தூர் மச்சான். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தேங்கிவிட்டது, ஊருக்கு எதிரே கரை அரித்துப்போனது, கல்லைக் கொட்டினார்கள். பிறகு கடலுக்கடியில் இரும்பால் ஒரு செயற்கைத் திட்டை 2018-ல் இறக்கினார்கள், மணல் திரும்ப வந்து ஒதுங்கியது. அதை வடிவமைத்தது தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். "அது எங்க இருக்கு தெரியுமா? பள்ளிக்கரணையில. வேளச்சேரி – தாம்பரம் ரோட்டுல. தினம் அதைத் தாண்டித்தான் மச்சான் நீங்க ஆபீசுக்குப் போறீங்க." மச்சான் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். சகலை மட்டும், "டெக்னாலஜி வெளிநாடாத்தான் இருக்கும்" என்றார்.

இப்படியே போனால் தாம்பரத்துக்காரர்கள் நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத்தான் மதிப்பார்கள். மூணு ஸ்டேஷன் தள்ளிப் பல்லாவரம் இருக்கிறது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கையில் எடுத்தது ஒரு கல் கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சாட்சி. பல்லாவரத்துக் கல்லுக்கு உலகம் பூராவும் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு அந்த ஜாதிக் கல்லைத்தான் வைத்தார்கள், அதனால் அந்தப் பெயர். பல்லாவரத்துக்கு யாராவது ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று குரூப்பில் போட்டதுண்டா? வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவார்கள், பழைய மிக்சி வாங்க.

ரங்கப்பிள்ளை வீட்டுக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தை. சட்டை, செருப்பு, போன் உறை, பிளாஸ்டிக் வாளி. பெண்கள் அதற்குள் இறங்கியபோது மணி நாலரை. அங்கேயிருந்து ரங்கப்பிள்ளை வீதி எட்டி நடக்கிற தூரம். சேலையூர்க்காரர் நைசாக நழுவினார். வீதிக்குள் திரும்பியும் விட்டார். பெரிய மார்க்கெட்டின் கருவாட்டு வாடை அடித்தது. அப்படியானால் சரியான வழிதான். உச்சியில் தூண் வரிசை ஒன்று கண்ணுக்குத் தட்டுப்பட்டது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. போன் அடித்தது. மனைவி. "ஏங்க, எங்க போனீங்க? அம்மாவுக்கு முட்டி வலிக்குதாம், டிரைவர் வேற வண்டியை எடுக்கச் சொல்றாங்களாம்னு கத்தறாரு. ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க. சீக்கிரம் வாங்க. வரும்போது அந்த ரெண்டாவது கடையில நாப்பது சைஸ் நைட்டி ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், காசு குடுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

நைட்டி வாங்கினார். ஒன்று மஞ்சள்.

திரும்பும் வழியில் கோட்டக்குப்பம் பக்கம் போலீஸ் வண்டியை நிறுத்திப் பாட்டில் இருக்கிறதா என்று சோதனை போட்டது. புதுச்சேரி எல்லையில் சோதனை புதிதில்லை. பத்து வருஷம் புதுச்சேரியில் அடைக்கலம் இருந்த பாரதியார் 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் பக்கம் பிடித்து உள்ளே வைத்தார்கள். சகலை மூச்சுக்காட்டாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளியோதரைச் சம்படத்தை மட்டும் போலீஸ்காரர் திறந்து பார்க்கவில்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தில் எழுத இடமில்லை.

திங்கட்கிழமை காலையில் குரூப்பில் கணக்கு வந்தது. வேன், டீசல், டோல், பார்க்கிங், சாப்பாடு, தண்ணீர் பாட்டில், சைக்கிள். எல்லாவற்றையும் மூன்று குடும்பத்துக்குச் சமமாகப் பிரித்திருந்தார் சகலை. சைக்கிளைத் தொடாதவர்கள் அந்தப் பணத்தைத் தர வேண்டியதில்லை என்பது சேலையூர்க்காரரின் நிலைப்பாடு. அதை நியாயமான சொற்களில், இருபத்தைந்து வருஷம் வரவுசெலவு எழுதிய ரங்கப்பிள்ளையைச் சுட்டிக்காட்டி, ஒரு நீண்ட பதிவாகப் போட்டார். ரங்கப்பிள்ளைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மச்சினி மகள் மட்டும் ஒரு படத்தை அனுப்பினாள். மஞ்சள் சுவர், பின்னால் கட்டிய கைகள், அந்த முகம். இடது முழங்கை சைக்கிள் சீட்டில் பட்டும் படாமலும். பட்டதா இல்லையா என்பதில் வியாழக்கிழமை வரைக்கும் முடிவு எட்டப்படவில்லை.